வாய் கட்டிய பானை

வேன் நின்ற பிறகும் பானை நிற்கவில்லை என்றுதான் செண்பகவடிவுக்குத் தோன்றியது. வண்டி நின்றால் காற்று நிற்கும், கொஞ்ச நேரத்தில் பேச்சும் நின்றுவிடும். சுடச்சுட மூடிக் கட்டின சோறு மட்டும் தன் பாட்டுக்கு உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு பாதங்களுக்கும் நடுவில், மடித்துப் போட்ட சாக்கின் மேல், அந்த வெண்கலப் பானை உட்கார்ந்திருந்தது. வாயில் மஞ்சள் நனைத்த துணி, துணியைச் சுற்றி மூன்று சுற்று நூல், நூலுக்கு ஒரு முடிச்சு. டிரைவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, எழுந்து வந்து, பேரிங் போயிட்டு என்று யாருக்கோ சாவுச் செய்தி சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, எதிரே வந்த பைக்கில் ஏறி மெக்கானிக்கைக் கூட்டிவரப் போயிருந்தான். தம்பி உலகநாதன் ரோட்டில் அங்கும் இங்கும் நடந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் மனைவி பிரம்மசக்தி, ஏழு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமர நிழலில் நின்றாள். மற்றச் சொந்தமெல்லாம் பஸ்ஸில் முன்னாலேயே சாஸ்தா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. வேனுக்குள் வடிவும் பானையும் மட்டும். பானையை விட்டு அவள் இறங்கக் கூடாது. பங்குனி வெயில் தகரத்தில் இறங்கி, தகரத்திலிருந்து தலையில் இறங்கி, தலையிலிருந்து பானைக்குள் இறங்குகிறதாக அவளுக்குப் பட்டது. ஆறவிட்டிருக்க வேண்டும். ஒரு அரை மணி நேரம், ஒரு தட்டில் பரத்தி, விசிறி, ஆறவிட்டுக் கட்டியிருக்க வேண்டும். நேரமாயிட்டு நேரமாயிட்டு என்று தம்பி வாசலில் நின்று குதித்தான், இவளும் கட்டிவிட்டாள். சோறு வேர்த்தால் மூடியில் நீர் கோக்கும், நீர் திரும்பச் சோற்றிலே சொட்டும், சொட்டின இடத்தில் ஆரம்பிக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. நாற்பத்தேழு வயதில், அடுப்படியே கதி என்று கிடந்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கட்டினாள். போய்விடலாம், வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். பேரிங் அவள் கணக்கில் இல்லை.

அவர்கள் குடும்பத்தில் சாஸ்தாவுக்குப் படையல் வைக்கிற முறையே தனி. புதுத் துணி ஒன்றை மஞ்சளில் நனைத்து இரண்டாகக் கிழிப்பார்கள். ஒன்று சமைக்கிறவளின் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்ட, மற்றது பானையின் வாயைக் கட்ட. சமைக்கிறவள் மூச்சு சோற்றில் படக் கூடாது, சோற்றின் வாசம் அவள் மூக்கில் ஏறக் கூடாது. ருசி பார்ப்பது என்ற பேச்சே இல்லை. கட்டின முடிச்சைச் சாமி முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். இலையில் வைக்கிறவரைக்கும் யாரும் குனிந்து பார்க்கக்கூட மாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாமிக்கு முன்னால் மனுஷன் மோந்துவிட்டால் அது எச்சில். இந்த வருஷம் அதற்கு மேலும் ஒன்று. எட்டு வருஷம் பிள்ளையில்லாமல் கிடந்த உலகநாதன், பிறந்தால் அதன் முதல் சோறு உன் படையலில்தான் என்று வேண்டியிருந்தான். இலையில் வைத்த உடனே, வேறு யார் வாயிலும் படுமுன், முதல் உருண்டை குழந்தை தாரணிக்கு. இதுவரை தாய்ப்பால் தவிர ஒன்றும் அறியாத வாய். கருப்பட்டியும் சிறுபருப்பும் தேங்காய்ப் பாலும் போட்டுப் பொங்கின சோறு. தேங்காய்ப் பால். பருப்பு சீக்கிரம் போகும், தேங்காய் அதைவிடச் சீக்கிரம் போகும், இரண்டும் சேர்ந்து சூட்டோடு மூடிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். காலையில் முகத்தில் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது. துணி கட்டினபின் யாருக்கும்தான் வாசம் தெரியாது. இன்று ஒரு நாள் அவளும் மற்றவர்களைப்போல. அந்தச் சந்தோஷத்தில்தான் அவசரமாகத் தேங்காயைத் திருகினாள், அவசரமாகப் பொங்கினாள், அவசரமாகக் கட்டினாள்.

ஏனென்றால் வடிவுக்கு மூக்கு போய் மூன்று மாதமாயிற்று. மார்கழிக் காய்ச்சலில் படுத்து எழுந்தாள். உடம்பு வலி போயிற்று, இருமல் போயிற்று, போகிற போக்கில் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் சளி என்று இருந்தாள். பிறகு ஒரு நாள் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து முகத்தை வைத்தாள், மண்ணை வைத்துப் பார்த்ததுபோல இருந்தது. விபூதி, சாம்பிராணி, மண்ணெண்ணெய், மூலையில் செத்த எலி என்று சக்தி ஒரு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தேடினாளே அது, எல்லாம் ஒன்றுதான், ஒன்றுமில்லைதான். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள். புருஷன் போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுப் படியேறினவளுக்கு அந்த வீட்டில் ஒரு இடம் இருந்தது என்றால் அது அந்த மூக்கு வாங்கிக் கொடுத்த இடம். பால் திரிவதற்கு முந்தியே சொல்வாள். அடுத்த வீட்டு அடுப்பில் அடிப்பிடிப்பதை இங்கிருந்து சொல்வாள். எக்கா மூக்கு இருக்கும்போது பிரிட்ஜ் எதுக்கு என்று உலகநாதன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பான். சக்திகூட ஒவ்வொரு கிண்ணத்தையும் கொண்டுவந்து நீட்டுவாள், இது இருக்கட்டுமா மைனி, கொட்டிரவா மைனி என்று. இருக்கட்டும் என்றால் இருக்கும், கொட்டு என்றால் கொட்டுவாள். ஒரு வீட்டில் இதைவிடப் பெரிய அதிகாரம் என்ன வேண்டும்? அது போய்விட்டது என்று தெரிந்தால் அந்த வீட்டில் அவள் யார். வந்து தங்கியிருக்கிற ஒரு அக்கா. அவ்வளவுதான். அதனால் மூன்று மாதமாகத் திருடினாள். பாலைக் கண்ணால் பார்த்தாள், மாவைக் காதால் கேட்டாள், குழம்பை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், சந்தேகம் வந்தால் சத்தமில்லாமல் கொட்டினாள். அப்படியும் ஒரு தரம் அகப்பட்டுக்கொள்ளப் பார்த்தாள். முந்தின நாள் சாம்பாரைச் சூடு பண்ணி ஊற்ற, தம்பி ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினான். என்னக்கா, ஊசிப்போயிருக்கே என்றான். புளி கூடிட்டுல, அதான் என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குச் சக்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் வடிவின் முதுகில் இருக்கிறது.

ஊசிப்போச்சு. எத்தனை தடவை சொல்லியிருப்பாள் இந்த வார்த்தையை, வாழ்க்கையில். பழம் ஊசாது, பழம் அழுகும். காய் அழுகும், கத்தரிக்காய் சொத்தையாகும், நிலக்கடலை சொத்தையாகும், பல்லும் சொத்தையாகும். முட்டை கூமுட்டையாகும். எண்ணெய் காறும். மாவு புளிக்கும். ஊறுகாய் பூசணம் பூக்கும், பூ என்று சொல்லிவிட்டால் ஏதோ நல்ல காரியம் மாதிரி. இலை தழை மக்கும். மரம் உளுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், சேலை இத்துப்போகும். எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு சாவு வைத்திருக்கிறார்கள் மனுஷர்கள். ஊசிப்போவது என்பது சமைத்ததற்கு மட்டும். அரிசி எத்தனை மாதம் கிடந்தாலும் ஊசாது, வண்டு விழும், அது வேறு. அதைச் சோறாக்கிவிட்டால் போதும், அன்றைக்கே ஊசும். அடுப்பில் ஏறி இறங்கி, ஒரு ஆள் கை பட்டு, நாலு பேருக்கு என்று ஆனபிறகுதான் எதுவும் ஊசும். அப்படிப் பார்த்தால் ஊசினதில் எப்போதும் ஒருத்தி கை இருக்கிறது. பழம் அழுகினால் பழத்தின் மேல் பழி, சோறு ஊசினால் சமைத்தவள் மேல்தான். யார் வச்சது இது என்றுதான் முதல் கேள்வி வரும். மனுஷரைக்கூட அப்படிச் சொல்வதில்லை, யோசித்துப் பார்த்தால். அழுகின மனசு என்பார்கள், உளுத்துப்போன ஆள் என்பார்கள், அது ஒரு சொத்தை என்பார்கள். மூக்கு போனவளுக்கு என்ன சொல்வார்கள்? மூக்கு அழுகவில்லை, மூக்கு துருப்பிடிக்கவில்லை, முகத்தில் முழுசாக மூக்குத்தியோடு உட்கார்ந்திருக்கிறது. வெளியே பளபளவென்று இருக்கிற நிலக்கடலையை உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுத்துச் சுருங்கி ஒரு பொட்டு இருக்குமே. அதுதான். சொத்தைதான். சரியான வார்த்தை கிடைத்ததில் அவளுக்கு ஒரு அற்ப திருப்திகூட வந்தது, உடனே அழுகையும் வந்தது, இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பானையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு. சோற்றின் சூடா வெயிலின் சூடா என்று தெரியவில்லை. ஆறியிருந்தாலும் பயம், ஆறாமல் இருந்தாலும் பயம். முகத்தைக் குனிந்து துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், பழக்க தோஷம். ஒன்றுமில்லை. நல்ல மூக்கு இருந்திருந்தால் இந்த முடிச்சை அவிழ்க்கவே வேண்டாம், இரண்டு மைல் தள்ளியே சொல்லிவிட்டிருப்பாள். இப்போது அவிழ்த்தால்தான் தெரியும். அவிழ்த்து விரலை விட்டு எடுத்தால் நூல் விடுகிறதா என்று பார்த்துவிடலாம், ஊசினால் விரலுக்கும் விரலுக்கும் நடுவில் சிலந்தி நூல் மாதிரி இழுக்கும். ஆனால் அவிழ்த்தால் படையல் போச்சு. எட்டு வருஷ வேண்டுதல் போச்சு. அதுவும் யார் அவிழ்த்தது? பிள்ளையில்லாத அத்தை அவிழ்த்தாள். அந்தப் பேச்சு எந்த வாயிலிருந்து எப்படிக் கிளம்பும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் அந்தப் பிள்ளைக்குக் காலுக்கு ஒரு முள் குத்தினாலும் இவள் தலையில். அவிழ்க்காமல் கொடுத்து, பிள்ளைக்கு வயிற்றால் போய், கண் சொருகி, ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி… வேண்டாம், நினைக்காதே. பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை போனதே, ஒரே ராத்திரியில். நினைக்காதே என்றால் கேட்கிறதா மனசு. உலகநாதன் தண்ணீர் பாட்டிலை வைக்க வேன் கதவைத் திறந்தான். அவனிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல, வண்டிக்குள்ள ஏதாவது வாசம் வருதால என்று கேட்டாள். அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு டீசல் வாசம் என்றான். வேற? மல்லிகைப்பூ வாசம், பானையில கட்டியிருக்கதுதானே என்றான். வேற ஒண்ணுமில்லையே? என்னத்துக்குக் கேக்கே, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எப்போதுமே மூக்கு மந்தம், சின்ன வயதிலிருந்தே. துணிக்கு மேல் கட்டின மல்லிகை, அதற்கு மேல் டீசல், இதையெல்லாம் தாண்டி அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

சக்தியைக் கேட்கலாம். சக்திக்கு நல்ல மூக்கு. ஆனால் சக்தி இப்போதெல்லாம் அவளிடம் பிள்ளையைத் தருவதில்லை. தருவதில்லை என்று சொல்லவும் முடியாது. கேட்டால் தருவாள், கேட்காவிட்டால் தானாக நீட்டுவதில்லை. முன்னால் அப்படியில்லை. பிரசவம் ஆகி வந்ததிலிருந்து பிள்ளை இவள் மடியில்தான். குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போடுமுன் அந்த உச்சியில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள், பாலும் நல்லெண்ணெயும் இளஞ்சூடுமாக ஒரு வாசம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. உச்சி மோந்து உச்சி மோந்து பிள்ளை தலை தேஞ்சிறப்போகுது மைனி என்று சக்தி சிரிப்பாள். காய்ச்சல் விட்டு எழுந்த அன்று ஆசையோடு தூக்கி உச்சியில் மூக்கை வைத்தாள். ஒன்றுமில்லை. கண்ணெதிரே கை காலை ஆட்டுகிற பிள்ளை, காலண்டர் படத்துப் பிள்ளை மாதிரி, வாசமே இல்லாமல். செத்த உடம்புக்குக்கூட ஒரு வாசம் உண்டே என்று நினைப்பு வந்து, அப்படி நினைத்ததற்காகத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மோந்து பார்க்கவில்லை. தூக்கினாலும் முகத்தைத் தள்ளியே வைத்துக்கொண்டாள், அந்த வெறுமை வந்துவிடுமோ என்று. சாம்பார் விஷயம் அதற்குப் பிறகுதான். அந்தப் பார்வையும். சக்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூக்கு அவிந்தவள் கையில் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்றுதான் நீட்டுவதில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாள், நேரம் பார்க்கிறாள், ஒரு நாள் அடுப்படிச் சாவியைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். வேப்பமர நிழலில் சக்தி திரும்பி வேனைப் பார்த்தாள். வடிவு பானையைப் பார்த்தாள்.

மெக்கானிக் வந்து, தட்டி, திட்டி, மாட்டி, வேன் கிளம்பியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பானைக்குள் சோறு ஒரு பக்கம் ஒதுங்கி மறு பக்கம் வருவதை அவள் பாதம் உணர்ந்தது. நல்ல சோறாக இருந்தால் இறுகிக் கிடக்கும், இப்படி ஒதுங்காது. இல்லை, தேங்காய்ப் பால் கொஞ்சம் கூடிவிட்டது, அதனால் தளர்வு. இல்லை, நீர் விட்டிருக்கிறது. இல்லை, பாதைதான் மோசம். ஒன்றும் ஆகியிருக்காது, கருப்பட்டி தாங்கும், கருப்பட்டி போட்டது ஒரு நாள் நிற்கும். நிற்குமா? பாகு நிற்கும், பொங்கல் நிற்காது. சாமி பார்த்துக்கொள்ளும். சாமி மோந்து பார்க்குமா? சாமிக்கு முன்னால் யாரும் மோக்கக் கூடாது என்றால் சாமி மோந்து பார்க்கும் என்றுதானே அர்த்தம், அப்புறம் எப்படிப் பிள்ளைக்குக் கொடுக்க விடும் என்று ஒரு ஞாயம் தோன்றியது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனாள். அந்தப் பக்கத்துத் தெருப் பிள்ளையையும் ஒரு சாமி பார்த்துக்கொண்டுதானே இருந்தது என்று அடுத்த வளைவில் நினைப்பு வந்தது, ஞாயம் கையை விட்டு நழுவிற்று.

கோயிலில் காத்திருந்த சொந்தமெல்லாம் எழுந்து வந்தது. பூசாரி இலையைப் போட்டு, எங்கேயா படையல் என்றார். வடிவு பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். எல்லோரும் முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. அவள் முடிச்சை அவிழ்த்தாள். துணியின் உட்பக்கம் நனைந்து சொதசொதவென்று இருந்தது. அகப்பையால் எடுத்து இலையில் வைத்தாள். நூல் விடுகிறதா என்று பார்த்தாள், புகையில் கண்ணீர் மறைத்தது, விடுவதுபோலவும் இருந்தது, விடாததுபோலவும் இருந்தது. பூசாரி இலையைச் சுற்றி நீர் விளாவி, கற்பூரம் காட்டி, ம், பிள்ளைக்குக் கொடுங்க என்றார். உலகநாதன் இலை ஓரத்திலிருந்து ஒரு சின்ன உருண்டை எடுத்து, கட்டை விரலால் மசித்தான். சக்தி மடியில் இருந்த தாரணி, கிட்டே வருகிற கையைப் பார்த்து வாயைத் திறந்தது. வடிவு அந்த வாயைப் பார்த்தாள், ஒரே ஒரு பல் முளைவிட்டிருந்தது.

அவள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"குடுக்காதல" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

கூட்டத்தில் சலசலப்பு. என்னக்கா என்று உலகநாதன் விழித்தான். சோறு கெட்டுட்டா என்று கேட்டான், கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தான், காலமெல்லாம் பார்த்ததுபோல, அவள் சொன்னால் சரி என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். மூக்குக்காரி சொல்லிவிட்டாள் என்று அத்தனை பேரும் ஒத்துக்கொள்வார்கள். ரகசியமும் நிற்கும், பிள்ளையும் பிழைக்கும். ஆனால் கெடாமல் இருந்தால்? நல்ல படையலை, எட்டு வருஷ வேண்டுதலை, தெரியாமலே கெட்டது என்று சாமி முன்னால் சொல்வதா?

"எனக்குத் தெரியலல" என்றாள் வடிவு. "எனக்கு வாசம் தெரியாது. காய்ச்சல்ல போன மூக்கு வரவே இல்ல. மூணு மாசமா உங்களையெல்லாம் ஏமாத்திக்கிட்டு இருக்கேன்."

பூசாரி கற்பூரத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சக்தி பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, புருஷன் கையிலிருந்த உருண்டையை வாங்கி, யார் எது சொன்னால் என்ன என்பதுபோல நேரே மூக்குக்குக் கொண்டுபோனாள். ஒரு தரம் மோந்தாள். மறுபடி மோந்தாள். பிறகு இலைக்கு வெளியே, மண்ணில், அதை மெதுவாக வைத்தாள்.

"ஊசிட்டு மைனி."

அவ்வளவுதான் சொன்னாள், குழம்புக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்வதுபோல. யார் வச்சது என்று கேட்கவில்லை. உலகநாதன் மண்ணில் கிடந்த உருண்டையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெரியவர் இதெல்லாம் தோஷம் என்று ஆரம்பித்தார். பூசாரி அவரைக் கை காட்டி அடக்கி, கோயில் மடப்பள்ளியில் காலையில் வடித்த வெள்ளைச் சோறு இருக்கிறது, அதுவும் சாஸ்தாவுக்கு வைத்ததுதான், வேண்டுதல் எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்லிவிட்டு எடுத்துவரப் போனார். வடிவு பானைக்குப் பக்கத்திலேயே நின்றாள். கையில் ஈரத்துணி. எல்லாம் தெரிந்துவிட்டது, இனிப் பயப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஆனாலும் பயம் போகவில்லை, போகிற இடம் தெரியாமல் அங்கேயே நின்றது. சக்தி கிட்டே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை வடிவு அப்போதுதான் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். திட்டட்டும்.

"மூக்குதானா மைனி" என்றாள் சக்தி. "புள்ளைய உச்சி மோக்கறதையே விட்டுட்டியளே, மொகத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தியளே. எம் புள்ளைய ஒங்களுக்குப் புடிக்காமப் போச்சோன்னு நான் மூணு மாசமா அழுதுக்கிட்டுக் கெடந்தேன். அதான் நானா தரல."

பூசாரி சோற்றைக் கொண்டுவந்து நீட்டினார். சக்தி அதை வாங்கி ஒரு தரம் மோந்து பார்த்து, நல்லாருக்கு என்று சொல்லி வடிவின் உள்ளங்கையில் வைத்தாள். பிள்ளையையும் அவள் இடுப்பில் வைத்தாள். வடிவு நாலு பருக்கையை மசித்து அந்த வாயில் வைத்தாள். தாரணி முகத்தைச் சுளித்தது, நாக்கால் பாதியை வெளியே தள்ளியது, மீதியை விழுங்கியது. உலகநாதன் படியிலிருந்தபடியே விம்மினான். வடிவு பிள்ளையின் தலையைக் கையால் அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உச்சியில் மூக்கை வைத்து இழுத்தாள். ஒன்றுமில்லை. பயந்தபடியே ஒன்றுமே இல்லை. வெயிலில் காய்ந்த மயிரின் சூடு மட்டும் மூக்கு நுனியில் பட்டது. அவள் முகத்தை எடுக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள்.